யு-505: ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

சிகாகோவின் தென்பகுதியில், மிச்சிகன் ஏரியை ஒட்டி இருக்கும் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில், இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று முழுசாக நிற்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே ஒரு நாள் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். திரும்பி வரும்போது காரில் கேள்விகள் ஆரம்பிக்கும். மாமா கேட்டதையே அடுத்த வருஷம் வரும் சித்தப்பாவும் கேட்பார், அதற்கடுத்து வரும் நண்பரின் பிள்ளைகளும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

1. யு-505 என்று நம்பர்தான் இருக்கிறது. கப்பலுக்குப் பேர் வைக்க மாட்டார்களா?

வைக்கவில்லை. ஜெர்மன் மொழியில் நீர்மூழ்கிக்கு 'உன்டர்சீபோட்', அதாவது கடலடிப் படகு என்று பெயர். அதன் முதல் எழுத்துதான் அந்த 'யு'. மற்றபடி வெறும் எண். ஹாம்பர்க் நகரத்தில் 1940 ஜூனில் கட்டத் தொடங்கி, 1941 மே மாதம் தண்ணீரில் இறக்கி, அதே வருஷம் ஆகஸ்ட் 26 அன்று கடற்படையில் சேர்த்தார்கள்.

பெயர் இல்லாத குறையை மாலுமிகள் படம் வரைந்து தீர்த்துக்கொண்டார்கள். கப்பலின் மேல் நிற்கும் கோபுரத்தில் கேப்டனுக்குக் கேப்டன் ஒரு சின்னம். முதல் கேப்டன் ஆக்ஸல்-ஓலாஃப் லூவே. லூவே என்றால் சிங்கம், 'ஆக்ஸ்ட்' என்றால் கோடரி. ஆகவே கோடரி பிடித்த சிங்கம். இரண்டாவது கேப்டன் பீட்டர் ட்ஷெக், பெர்லின் ஒலிம்பிக் நடந்த 1936-ல் கடற்படைக்குப் படிக்க வந்த அணியைச் சேர்ந்தவர். அவருக்கு ஒலிம்பிக் வளையங்கள். கடைசியாக வந்த ஹரால்ட் லாங்கவுக்கு ஒரு கடற்சிப்பி. இந்தக் கப்பலின் கதையை மனதில் வைத்துக்கொள்ள இந்த மூன்று படங்களே போதும்: சிங்கம் இருந்தபோது வேட்டை, வளையங்கள் இருந்தபோது அடி மேல் அடி, சிப்பி வந்தபோது சிறை.

2. உள்ளே எவ்வளவு இடம் இருந்தது? எத்தனை பேர் இருந்தார்கள்?

நீளம் 76.76 மீட்டர், அகலம் 6.76 மீட்டர். இது வெளி அளவு. ஆட்கள் இருந்த உருளை இதைவிட ஒடுக்கம், அதிலும் பெரும்பகுதியை எஞ்சினும் பேட்டரியும், தண்ணீருக்குள் பாய்ந்து போய்க் கப்பலை உடைக்கும் டார்பிடோ குண்டுகளும் பிடித்துக்கொண்டன. அந்த இடுக்கில் ஐம்பது பேருக்கு மேல் இரண்டு மூன்று மாதம் வாழ்ந்தார்கள். பிடிபட்ட அன்று 59 பேர் இருந்தார்கள்.

இது ஒன்பதாம் வகைக் கப்பல், தூரப் பயணத்துக்கென்று கட்டியது. 10 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) போனால் 13,000 கடல் மைலுக்கு மேல் எரிபொருள் தாங்கும். 22 டார்பிடோக்கள். முன்னால் நான்கு குழாய், பின்னால் இரண்டு. சேமித்து வைத்த டார்பிடோக்களுக்கு மேலேயும் பக்கத்திலேயும் படுக்கைகள். ஒருவர் காவலுக்கு எழுந்து போனால் அவர் படுத்திருந்த சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் வந்து படுப்பார்.

3. நீர்மூழ்கி என்றால் எப்போதும் தண்ணிக்கு அடியிலேயேதானே போகும்?

இல்லை. பலருக்கு இருக்கும் பெரிய குழப்பம் இதுதான். இது தெளிவானால் மற்ற பாதிக் கதை தானாகப் புரியும். அந்தக் காலத்து நீர்மூழ்கி, வேண்டும்போது மட்டும் முழுகக்கூடிய கப்பல், அவ்வளவுதான். மேலே இருக்கும்போது டீசல் எஞ்சினில் ஓடும், 18 நாட் வேகம் வரும். டீசல் எரியக் காற்று வேண்டும் என்பதால் முழுகியதும் பேட்டரிக்கு மாற வேண்டும். அப்போது அதிகபட்சம் 7 நாட் சொச்சம், அதுவும் சீக்கிரமே பேட்டரி இறங்கிவிடும். பேட்டரியை ஏற்ற மறுபடி மேலே வந்தே ஆக வேண்டும்.

அதனால்தான் விமானம் இவர்களுக்கு எமனாக வந்தது. மேலே வந்தால் விமானம் பார்த்துவிடும், கீழேயே இருந்தால் பேட்டரி தீரும், காற்றும் கெடும். 1943-க்குப் பிறகு ஜெர்மன் நீர்மூழ்கிகள் திணறியதற்கு இது முக்கியமான காரணம்.

4. எம்டன் மாதிரி இதுவும் நம்ம மெட்ராஸ் பக்கம் வந்ததா?

முதலில் எம்டனைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எம்டனை நீர்மூழ்கி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், என் தாத்தாவும் அப்படித்தான் சொல்லிவந்தார். எம்டன் கடல் மேல் ஓடிய இலகு ரகப் போர்க்கப்பல். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, மெட்ராஸ் துறைமுகத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அதே வருஷம் நவம்பரில் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டு முடிந்தது. யு-505 வேறு போர், வேறு வகை.

யு-505 இந்தியப் பெருங்கடலுக்கு வந்ததே இல்லை. அட்லாண்டிக்கிலும் கரீபியனிலும்தான் அதன் நடமாட்டம். ஆனால் இதே ஒன்பதாம் வகையைச் சேர்ந்த வேறு சில ஜெர்மன் நீர்மூழ்கிகள் 1943 முதல் ஜப்பானியர் கையில் இருந்த பினாங்கில் தங்கி, அங்கிருந்து இந்தியப் பெருங்கடலில் வேட்டையாடின. மலேசியத் தமிழர் யாராவது 'எங்க ஊர்ல ஜெர்மன் நீர்மூழ்கி நின்னுச்சு' என்றால் அது உண்மைதான்.

5. நேதாஜி ஜெர்மனியில் இருந்து போன கப்பல் இதுவா?

இல்லை, அது யு-180. அதுவும் ஒன்பதாம் வகைதான், ஆனால் இன்னும் பெரிய உட்பிரிவு. 1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்தில் இருந்து சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து, ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியில் அவரை மாற்றிவிட்டது. யு-505-க்குள் போய் நிற்கும்போது எனக்கு இந்த எண்ணம் வராமல் இருக்காது. ஏறத்தாழ இப்படி ஒரு குழாய்க்குள்தான் அந்த மனிதர் இரண்டரை மாதம் இருந்தார்.

6. சரி, மொத்தம் எத்தனை கப்பலை மூழ்கடித்தது?

எட்டு. எல்லாம் சேர்ந்து சுமார் 45,000 டன். 12 முறை கடலுக்குப் போய் எட்டு என்பது, பேர் பெற்ற நீர்மூழ்கிகளோடு ஒப்பிட்டால் சாதாரணக் கணக்கு. அந்த எட்டில் ஏழு லூவே காலத்தில், இரண்டே பயணங்களில் நடந்தவை.

முதல் பயணம் 1942 ஜனவரியில் கீலில் இருந்து பிரான்சின் லோரியாந்துக்குப் போனது மட்டும்தான். இரண்டாவது பயணம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் பக்கம், 86 நாள். அதில் பென்மோர் என்ற பிரிட்டிஷ் கப்பல், மறுநாளே சித்ஹாவ் என்ற நார்வே எண்ணெய்க் கப்பல், ஏப்ரல் தொடக்கத்தில் வெஸ்ட் இர்மோ என்ற அமெரிக்கக் கப்பல், அடுத்து அல்ஃபாக்கா என்ற டச்சுக் கப்பல். மூன்றாவது பயணம் கரீபியன். 1942 ஜூன் 28, 29 என்று அடுத்தடுத்த நாளில் இரண்டு அமெரிக்கக் கப்பல்கள், ஜூலையில் ஒரு சின்னப் பாய்க்கப்பல். எட்டாவது, அந்த வருஷம் நவம்பரில் ட்ஷெக் மூழ்கடித்த ஓஷன் ஜஸ்டிஸ். அதற்குப் பிறகு பிடிபடும் வரை ஒன்றரை வருஷத்தில் ஒன்றுகூட இல்லை.

இவை எல்லாம் சரக்கு ஏற்றிப்போன வணிகக் கப்பல்கள். எண்ணிக்கை சொல்லும்போது அவற்றில் இருந்த சமையல்காரர்களையும் எஞ்சின் அறைக்காரர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இந்திய மாலுமிகள் ஏராளம், அந்தப் போரில் ஆயிரக்கணக்கில் அவர்களும் செத்தார்கள்.

7. பாய்க்கப்பலைச் சுட்டதால்தான் சாபம் பிடித்தது என்று கைடு சொன்னாரே?

அது கப்பலின் ஆட்களே சொல்லிக்கொண்ட பேச்சு. 1942 ஜூலை 22 அன்று கரீபியனில் கொலம்பியா நாட்டுப் பாய்க்கப்பல் ஒன்றைப் பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தார்கள். மூன்று பாய்மரம், 110 டன். பாய்க்கப்பலை அழிப்பது கடலோடிகளுக்குக் கெட்ட சகுனம். அடுத்து லூவேக்குக் குடல்வால் அழற்சி வந்து, பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு லோரியாந்துக்குத் திரும்பினார்கள். அவர் இடத்துக்கு ட்ஷெக் வந்தார். அதிலிருந்து தொட்டது துலங்கவில்லை.

எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. 1942 கடைசியில் இருந்தே அட்லாண்டிக்கில் காற்று திசை மாற ஆரம்பித்துவிட்டது. நேச நாட்டு விமானங்கள் பெருகின, ரேடார் வந்தது, ரகசியச் செய்திகள் உடைபட்டன. ஆனால் ஒரு குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கும் ஐம்பது பேருக்கு அது சாபமாகத்தான் தெரிந்திருக்கும்.

8. விமானம் வந்து இடித்துமா கப்பல் தப்பித்தது?

இடிக்கவில்லை. ஆனால் நடந்தது அதைவிடக் குறைவும் இல்லை. 1942 நவம்பர் 10, டிரினிடாட் தீவுக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஹட்சன் விமானம் ஒன்று மிகத் தாழப் பறந்து வந்து குண்டுகளைப் போட்டது. அதில் ஒன்று கோபுரத்துக்குப் பின்னால் மேல்தளத்திலேயே விழுந்து வெடித்தது. அவ்வளவு தாழ்வில் இருந்ததால் அந்த வெடிப்பே விமானத்தையும் பிய்த்துவிட்டது. விமானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் செத்தார்கள்.

கப்பலின் பீரங்கி ஒன்று பெயர்ந்து போனது, மேல்தளம் கிழிந்தது, உடற்சுவரில் தண்ணீர் புகுந்தது. முழுக முடியாத நீர்மூழ்கி, எதிரியின் விமானதளத்துக்குப் பக்கத்தில். கப்பலைக் கைவிடச் சொன்னார் ட்ஷெக். தொழில்நுட்ப ஆட்கள் 'சரி பண்ணிப் பார்க்கிறோம்' என்று பிடிவாதமாக நின்றார்கள். இரண்டு வாரம் போல நடுக்கடலிலேயே வெட்டி ஒட்டி, முழுகும் நிலைக்குக் கொண்டுவந்து, டிசம்பர் 12 அன்று லோரியாந்தில் சேர்த்தார்கள். இவ்வளவு அடிபட்டும் துறைமுகம் திரும்பிய நீர்மூழ்கி வேறு கிடையாது என்று அப்போதே பேசப்பட்டது. இந்தக் கப்பலின் வாழ்க்கையில் பெருமைப்பட ஒன்று இருக்கிறது என்றால், எனக்கு அது இந்த இரண்டு வாரம்தான்.

9. அப்புறம் ஏன் போவதும் வருவதுமாகவே இருந்தது? பயந்துவிட்டார்களா?

பழுது பார்க்கவே ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. 1943 ஜூலையில் கிளம்பி இரண்டு வாரத்துக்குள் திரும்பினார்கள். ஆகஸ்டில் மூன்று முறை கிளம்பினார்கள், ஒவ்வொரு முறையும் மறுநாளே திரும்பினார்கள். செப்டம்பரிலும் அதே கதி. ஆழத்துக்குப் போனால் எங்காவது ஒழுகும், எண்ணெய் கசியும், ஏதாவது சத்தம் போடும்.

காரணம் லோரியாந்து பட்டறை. அங்கே வேலை பார்த்தவர்களில் பலர் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்சின் தொழிலாளர்கள். பற்றவைக்க வேண்டிய இடத்தில் நார் திணித்துப் பூசிவிடுவது, எரிபொருள் தொட்டியில் மெல்லிசாக ஒரு துளை போட்டுவிடுவது என்று கமுக்கமாக வேலையைக் கெடுத்தார்கள். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார்கள். ஆயுதம் எடுக்காமல் ஒரு போர்க்கப்பலை மாதக்கணக்கில் கட்டிப்போட்ட அந்த ஆட்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. துறைமுகத்தில் மற்றவர்களுக்கு இந்தக் கப்பல் கேலிப்பொருள் ஆனது.

10. கேப்டன் கப்பலுக்குள்ளேயே சுட்டுக்கொண்டார் என்பது நிஜமா?

நிஜம். 1943 அக்டோபர் 24. அசோர்ஸ் தீவுகள் பக்கம் ஒரு வழியாக நடுக்கடலை எட்டிவிட்டார்கள். அங்கே எதிரிக் கப்பல்கள் மேலிருந்து ஆழ்கடல் குண்டுகளைத் தொடர்ந்து போட்டன. கப்பல் குலுங்கிக்கொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டு அறையில், தன் ஆட்கள் இருக்கும்போதே ட்ஷெக் தன்னைச் சுட்டுக்கொண்டார். அவருக்கு வயது 25.

அவர் கடுமையானவர், ஆட்களோடு ஒட்டாதவர் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் முந்தின கேள்வியில் சொன்ன பத்து மாத அவமானத்தையும் அந்த வயதையும் சேர்த்துப் பார்க்காமல் அவரைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் எண்ணம். அடுத்த நிலை அதிகாரி பால் மேயர் பொறுப்பை எடுத்து, குண்டுகளில் இருந்து நழுவி, நவம்பர் 7 அன்று கப்பலை லோரியாந்துக்குக் கொண்டுவந்தார். அன்று எல்லோரும் உயிரோடு திரும்பியது அவரால்.

11. கடைசி கேப்டன் எப்படிப்பட்டவர்?

ஹரால்ட் லாங்க நாற்பது வயதுக்காரர். நீர்மூழ்கிக் கேப்டன்களில் அது தாத்தா வயது. 1943 கிறிஸ்துமஸ் அன்று கிளம்பினார். மூன்றே நாளில் பிஸ்கே விரிகுடாவில் நடந்த சண்டையில் டி-25 என்ற ஜெர்மன் டார்பிடோ படகு மூழ்கியது. லாங்க போய், குளிர்ந்த கடலில் கிடந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிக் கப்பலுக்குள் அடைத்துக்கொண்டு பிரெஸ்ட் துறைமுகத்தில் இறக்கினார். ஏற்கெனவே இடமில்லாத கப்பலுக்குள் இன்னும் முப்பது பேர்! 1944 மார்ச் 16 அன்று பிரெஸ்டில் இருந்து ஃப்ரீடவுன் பக்கம் கிளம்பினார். அது யு-505-ன் கடைசிப் பயணம்.

12. அமெரிக்கர்களிடம் எப்படி மாட்டியது? தற்செயலாகவா?

பாதி தற்செயல், பாதி திட்டம். குவாடல்கனால் என்ற சிறிய விமானந்தாங்கியும் ஐந்து துணைக் கப்பல்களும் கொண்ட குழு ஒன்று அட்லாண்டிக்கில் நீர்மூழ்கி வேட்டையில் இருந்தது. தலைவர் கேப்டன் டேனியல் கேலரி. 1944 ஏப்ரலில் இந்தக் குழு யு-515 என்ற கப்பலை அடித்தபோது, அது மேலே வந்து கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத்தான் மூழ்கியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏறியிருந்தால்? கேலரிக்கு அந்த எண்ணம் விழுந்தது. அடுத்த பயணத்துக்கு முன்பே ஒவ்வொரு கப்பலிலும் ஏறுவதற்கு ஆட்களைத் தேர்ந்து தயாராக வைத்தார்.

1944 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பிளாங்கோ முனைக்கு 150 மைல் தள்ளி. கேலரியின் குழு பல நாள் தேடிவிட்டு, எரிபொருள் குறைந்துபோய், காசாபிளாங்காவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. காலை பதினொரு மணி தாண்டி பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சாட்டலெய்ன் என்ற துணைக் கப்பலின் சோனாரில், அதாவது தண்ணீருக்கடியில் ஒலியால் தேடும் கருவியில், மிகப் பக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டது. மேலே பறந்த விமானங்கள் தண்ணீருக்கடியில் நிழலைப் பார்த்து, அந்த இடத்தில் துப்பாக்கியால் சுட்டு அடையாளம் காட்டின. ஆழ்கடல் குண்டுகள் விழுந்தன. முதல் தாக்குதலில் இருந்து ஆறரை நிமிடத்தில் யு-505 மேலே வந்துவிட்டது.

13. மூழ்கிக்கொண்டிருந்த கப்பலை எப்படி நிறுத்தினார்கள்?

சுக்கான் வலப்பக்கமாக இறுகிவிட்டதால் கப்பல் ஆளில்லாமல் வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. ஜெர்மானியர்கள் குதித்துவிட்டார்கள், ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பில்ஸ்பரி என்ற துணைக் கப்பலில் இருந்து ஒரு சின்னப் படகில் ஆல்பர்ட் டேவிட் என்ற இளநிலை அதிகாரியின் தலைமையில் ஒரு கைப்பிடி ஆட்கள் துரத்திப் போய், குறுக்கே வெட்டி, மேல்தளத்தில் தாவினார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா, வெடி வைத்திருக்கிறதா, அடுத்த நிமிடம் மூழ்குமா, எதுவும் தெரியாது. டேவிட்டும் இரண்டு பேரும் கோபுரத் துவாரம் வழியாக இறங்கினார்கள்.

உள்ளே யாரும் இல்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும். கடல்நீரை உள்ளே விடும் குழாயில் வடிகட்டி ஒன்று உண்டு, அதன் மூடியை ஜெர்மானியர்கள் கழற்றிப் போட்டிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் கடல் பீறிட்டு வந்தது. ஸெனான் லுகோஷியஸ் என்ற மாலுமி அந்த மூடியை அங்கேயே கண்டெடுத்து, தண்ணீரின் வேகத்துக்கு எதிராக அழுத்தி வைத்துத் திருகினார். மூடி ஒரு கையெட்டும் தூரத்தை விட்டு உருண்டு தண்ணீருக்குள் போயிருந்தால் இன்று சிகாகோவில் இந்தக் கப்பல் இல்லை. மற்றவர்கள் வெடிகளின் கம்பிகளைப் பிடுங்கினார்கள், சங்கேதப் புத்தகங்களைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள்.

14. ஜெர்மன்காரர்கள் ஒழுங்காக மூழ்கடிக்காமல் ஓடிவிட்டார்கள் என்றால் கோழைகளா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தொனி எனக்குப் பிடிப்பதில்லை, ஆனாலும் பதில் சொல்கிறேன். கப்பல் கவிழ்ந்துவிடும் போல ஆழத்துக்குச் சரிந்தது, விளக்குகள் போயின, பின்பகுதியில் தண்ணீர் வருவதாகச் செய்தி வந்தது. மேலே வந்ததும் லாங்கதான் முதலில் வெளியே போனார். உடனே குண்டடி பட்டுக் கால்களில் பலத்த காயத்தோடு விழுந்தார். அதற்குள் கைவிடும் கட்டளை போய்விட்டது. மூடியைக் கழற்றிவிட்டார்கள், கப்பல் எப்படியும் மூழ்கும் என்று நம்பினார்கள். எதிரி ஏறி வருவான் என்று யார் நினைத்திருக்க முடியும்? நடுக்கடலில் எதிரிப் போர்க்கப்பலை அமெரிக்கக் கடற்படை ஏறிப் பிடித்தது 1815-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

59 பேரில் ஒருவர் இறந்தார், 58 பேர் கடலில் இருந்து மீட்கப்பட்டார்கள். அந்தப் போரில் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 ஜெர்மானியரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை. அதோடு வைத்துப் பாருங்கள்.

15. கரைக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள்? கிட்டத்தில்தானே ஆப்பிரிக்கா?

கிட்டத்தில் இருந்த துறைமுகங்களில் ஜெர்மன் உளவாளிகள் இருக்கலாம் என்பதால், அட்லாண்டிக்கைத் தாண்டி பெர்முடா தீவுக்கு இழுத்துவரச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டது. குவாடல்கனாலே கயிறு கட்டி இழுத்தது, பிறகு ஒரு இழுவைக் கப்பல் வந்து சேர்ந்துகொண்டது. சுக்கான் கோணலாக இருந்ததால் பின்னால் வந்த நீர்மூழ்கி ஒரு பக்கமாகவே இழுத்தது, பின்பகுதி வேறு தாழ்ந்துகொண்டே போனது.

எர்ல் ட்ரோசினோ என்ற பொறியாளர் எண்ணெய்த் தண்ணீரில் மணிக்கணக்கில் தவழ்ந்து, குழாய் குழாயாகத் தடவி, ஜெர்மன் எழுத்து தெரியாமலே கப்பலைப் படித்துவிட்டார். டீசல் எஞ்சினை, கப்பலைத் தள்ளும் விசிறியான சுழலியில் இருந்து துண்டித்தார். இழுக்கும் வேகத்தில் சுழலி தானாகச் சுற்றியது, அது மோட்டாரைச் சுற்றி பேட்டரியை ஏற்றியது (மூன்றாம் கேள்வியில் சொன்ன அதே பேட்டரி), அந்த மின்சாரத்தில் கப்பலின் சொந்த பம்ப்புகளே தண்ணீரை இறைத்தன. ஜூன் 19 அன்று பெர்முடா. சைக்கிள் டைனமோ பார்த்த பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன்.

16. எனிக்மா மெஷின் இதில்தான் முதல்முதலில் கிடைத்ததா?

இல்லை. எனிக்மா என்பது ஜெர்மனி தன் ரகசியச் செய்திகளைச் சங்கேதமாக மாற்றப் பயன்படுத்திய கருவி. 1941 மே மாதமே யு-110 கப்பலில் இருந்து பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துவிட்டது. 1942 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் யு-559 மூழ்கும்போது உள்ளே போய் சங்கேதப் புத்தகங்களை எடுத்துக்கொடுத்த இரண்டு பிரிட்டிஷ் மாலுமிகள் கப்பலோடு முழுகிச் செத்தார்கள். அந்த உழைப்பால் 1944-ல் ஜெர்மன் செய்திகள் பெரும்பாலும் படிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

அப்படியானால் யு-505-ல் கிடைத்ததற்கு மதிப்பில்லையா என்றால், இருந்தது. நானூறு கிலோவுக்கு மேல் காகிதமும் கருவியும் கிடைத்தன. கருவியை எப்படித் திருப்பி வைப்பது என்று சொல்லும் அந்த மாதத்துச் சங்கேதக் குறிப்புகள் கையில் இருந்ததால் சங்கேதத்தை உடைக்கச் செலவாகும் நேரம் மிச்சம். கடல் வரைபடத்தில் இடத்தைக் குறிக்க ஜெர்மானியர்கள் பயன்படுத்திய மறைமுறையும் கிடைத்தது. எதிரிக் கப்பலின் சுழலிச் சத்தத்தைக் கேட்டுத் தேடிப்போகும் புது வகை டார்பிடோவும் முழுசாகக் கிடைத்தது.

17. இவ்வளவு பெரிய கப்பலைப் பிடித்ததை எப்படி மறைக்க முடிந்தது?

எனக்கு இன்றும் ஆச்சரியம் இதில்தான். ஜெர்மனிக்குத் தெரிந்தால் சங்கேதம் முழுவதையும் மாற்றிவிடும், முந்தின பதிலில் சொன்ன வருஷக்கணக்கான உழைப்பு ஒரே நாளில் போய்விடும். அதுவும் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்க இரண்டு நாள் இருக்கும்போது. கடற்படைத் தலைவர் அட்மிரல் கிங் பாராட்டுவதற்கு முன்னால் கோபப்பட்டார், கேலரியை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த நினைத்தார் என்றுகூடச் சொல்வார்கள்.

குழுவில் இருந்தவர்கள் சுமார் 3,000 பேர். பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். வாழ்நாளில் சொல்ல இதைவிடப் பெரிய கதை அவர்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. வீட்டுக்கு எழுதவில்லை, மதுக்கடையில் உளறவில்லை. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்த பிறகு கடற்படையே அறிவிக்கும் வரை விஷயம் வெளியே வரவில்லை.

18. அந்தக் கைதிகளை என்ன செய்தார்கள்?

லூசியானா மாநிலத்தில் ரஸ்டன் முகாமில், மற்றக் கைதிகளோடு பேச விடாமல் தனியாக வைத்தார்கள். கடிதம் கிடையாது, செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் தகவல் இல்லை. ஜெர்மனியில் அவர்கள் இறந்துவிட்டதாக வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. 1947-ல்தான் ஊர் திரும்பினார்கள்.

போர்க்கைதிகளைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டும் என்பது ஜெனீவா ஒப்பந்தம். அமெரிக்கா இங்கே அதை மீறியது. ரகசியம் காத்ததால் எத்தனையோ உயிர் தப்பியிருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிரோடு இருக்கும் மகனுக்காக அழுத தாய்மார்களையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

19. சிகாகோவில் கடலே இல்லையே, எப்படி வந்தது?

போர் முடிந்ததும் இதைச் சுட்டுப் பழகும் இலக்காக்கி மூழ்கடிக்க இருந்தார்கள். கேலரி சிகாகோக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் பாதிரியார், அவர் போய் அருங்காட்சியகத்தில் பேசினார். சிகாகோ மக்கள் 2,50,000 டாலர் திரட்டினார்கள். 1954-ல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கும் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் இருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் நுழைந்து, கால்வாய்கள் வழியே, பேரேரிகளைக் கடந்து இழுத்துவந்தார்கள். கடைசியில் ஏரிக்கரைச் சாலையை ஒரே இரவில் உருளைகள் மேல் வைத்து நகர்த்திக் கடந்தார்கள். 1954 செப்டம்பர் 25 அன்று போரில் இறந்த மாலுமிகளின் நினைவுச் சின்னமாகத் திறந்தார்கள். ஐம்பது வருஷம் வெயிலிலும் பனியிலும் வெளியே நின்றது. 2004-ல் தரைக்கு அடியில் கட்டிய கூடத்துக்குள் இறக்கி வைத்தார்கள்.

20. உள்ளே இருப்பதெல்லாம் அசலா?

உடலும் எஞ்சினும் அசல். போருக்குப் பின் பல கருவிகள் காணாமல் போயிருந்தன. அருங்காட்சியகம் ஜெர்மனியில் அவற்றைச் செய்த கம்பெனிகளுக்கே எழுதிக் கேட்டது. எங்கள் கப்பல் உங்களிடம் இருப்பது வருத்தம்தான், ஆனால் அங்கே நிற்கப்போவது என்றால் ஜெர்மன் வேலைக்குப் பேர் சொல்லும்படி நிற்கட்டும் என்ற மாதிரி பதிலோடு, பாகங்களை இலவசமாக அனுப்பினார்கள். பெரிஸ்கோப் ஒன்று வேறு எங்கோ ஆராய்ச்சிக்குப் போய், 2003-ல்தான் திரும்பி வந்து சேர்ந்தது.

21. நாஜிக் கப்பலை இப்படிப் பளபளவென்று வைத்திருப்பது சரியா?

என் மனைவி கேட்ட கேள்வி இது. முதல் தடவை உள்ளே வரவே மாட்டேன் என்றாள். ஹிட்லரின் ஆட்சிக்காக ஓடிய கப்பல்தான் இது, அதை யாரும் மறைக்கக் கூடாது. அது மூழ்கடித்த எட்டுக் கப்பலின் பெயர்களையும் சொல்லாமல் கடைசி நாள் சாகசத்தை மட்டும் சொன்னால் அது தப்பு. அதனால்தான் ஆறாம் கேள்விக்கு அவ்வளவு நீளமாகப் பதில் எழுதினேன். ஆனால் இதை உருக்கியிருந்தால் அந்த வடிகட்டி ஓட்டையையோ, டார்பிடோ மேல் இருக்கும் படுக்கையையோ யாருக்கும் காட்ட முடியாது.

22. நேரில் போனால் முதலில் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

நேராக உள்ளே ஏறாதீர்கள். முதலில் கோபுரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், டேவிட் ஓடிவந்து ஏறிய மேல்தளம் தெரியும். அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்தார்கள், அட்லாண்டிக் கடற்போரில் அந்தப் பதக்கம் பெற்ற ஒரே கடற்படைக்காரர் அவர். கையில் வாங்குமுன் 1945 செப்டம்பரில் மாரடைப்பில் இறந்துவிட்டார். மனைவிதான் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் உள்ளே போங்கள். கட்டுப்பாட்டு அறைக்கு வந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். ட்ஷெக் செத்ததும் இங்கேதான், தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு டேவிட்டின் ஆட்கள் வந்து இறங்கியதும் இங்கேதான். நடுவில் ஏழு மாதம்.